வினவக் கற்போம்

நேர்முகத் தேர்வு நடைபெறும் ஓர் அறையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருக்கின்றனர். இப்பால், நாற்காலியின் விளிம்பில் ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான். சலவை செய்த சட்டை. கையில் சான்றிதழ்கள் அடங்கிய உறை. கேட்ட வினாக்களுக்கெல்லாம் அவன் தடுமாறாமல் விடை கூறிவிட்டான். முடிவில் நடுவில் இருப்பவர், "நீ எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறாயா, தம்பி?" என்கிறார். இளைஞன் சற்றே திகைக்கிறான். பிறகு, "ஒன்றும் இல்லை, ஐயா" என்று சொல்லி, எழுந்து வணங்கி வெளியேறுகிறான்.

ஒன்றும் இல்லை என்பது உண்மையா? கைக்கு வரும் ஊதியம் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது. இரவில் வேலை உண்டா என்பது தெரியாது. யாரிடம் தொழில் கற்கப் போகிறான், எங்கே தங்கப் போகிறான், விலக வேண்டுமானால் எத்தனை நாள் முன்னர்ச் சொல்ல வேண்டும் என்பனவும் தெரியா. இத்தனையும் தெரியாதவன் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்கிறான்! விடைகளை அவன் பல நாள் பழகி வந்தான், வினாக்களைப் பழகவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் விடைகளோடு வினாக்களையும் ஆயத்தம் செய்து கொண்டு செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. அது துணிவைக் காட்டும் அழகுக்காக அன்று, வாழ்வின் தேவைக்காக.

நாம் வினவத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் பெரியோர் கேட்பர். பிள்ளைகள் விடை சொல்வர். பள்ளியில் ஆசிரியர் கேட்பார்; மாணவர் விடை சொல்வர். தேர்வுத் தாளில் வினாக்கள் அச்சாகி வருகின்றன. விடை எழுதுவது மட்டுமே நம் பொறுப்பு. இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் விடை கூறியே வளர்ந்த ஒருவனிடம் திடீரென்று, "நீ கேள்" என்றால் அவன் திகைப்பது இயல்பே. எதிர்த்துக் கேட்டால் பணிவற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சமும் அவனைத் தடுக்கிறது.

ஆயினும் நம் மொழி இத்தயக்கத்தை ஏற்கவில்லை. இத்தேர்வை 'நேர்காணல்' என்றும் வழங்குகிறோம். நேர்காணல் என்பது ஒருவர் மட்டும் மற்றவரைக் காண்பது அன்று. இருவரும் எதிரெதிர் இருந்து ஒருவரை ஒருவர் காண்பதாகும். 'கேள்' என்னும் சொல்லையும் நோக்குங்கள். செவியால் கேட்பதும் கேள். வாயால் வினவுவதும் கேள். இரண்டு செயலுக்கும் தமிழர் ஒரே சொல்லை வைத்தனர். திருக்குறளில் 'கேள்வி' என்னும் பெயருடைய 42-ஆம் அதிகாரம் வினாத் தொடுப்பதைப் பற்றியதன்று. அறிவுடையோர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றியது. நன்றாகச் செவிகொடுத்தவனே நன்றாக வினவ வல்லவன். ஆகவே, தக்க வினா பணிவுக்குப் பகையன்று. பணிவோடு கேட்டிருந்தான் என்பதற்கு அதுவே சான்று.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததை ஈண்டுக் கூறுகிறேன். மேல்நிலைப் படிப்பை முடித்த அவன், குடும்பத்தின் வறுமையால் வெளியூர் ஆலை ஒன்றில் வேலைக்குச் சென்றான். மேலாளர் கேட்டவற்றுக்கெல்லாம் தெளிவாக விடை கூறினான். முடிவில், "கேட்க வேண்டியது உண்டா?" என்று அவர் வினவியபோது, "இல்லை, ஐயா" என்றான். அன்றே வேலை கிடைத்தது. சான்றிதழ்களின் மூலப்படிகளை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தான். முதல் மாத ஊதியத்தில் உணவுக்கும் விடுதிக்கும் சீருடைக்கும் பிடித்தது போகப் பாதியே எஞ்சியது. இரண்டாம் மாதத்தில் அவனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருப்பதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. சான்றிதழ்களைக் கேட்டான். ஓர் ஆண்டு வேலை செய்த பின்னரே அவை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். சேர்க்கைக்குரிய நாளும் கடந்தது.

அவன் மேலாளரிடம் சென்று, "இதை எனக்கு முதலிலேயே சொல்லவில்லையே, ஐயா" என்று கண் கலங்கினான். அதற்கு அவர், "நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!" என்றாராம்.

அந்த மறுமொழியை நான் பலகால் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் இரக்கம் இல்லை. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு வினா, அரை நிமிட நேரம், அவனுடைய ஓர் ஆண்டைக் காத்திருக்கும்.

இனி, எவ்வகை வினாக்களைக் கேட்பது என்று பார்ப்போம். இதற்கு நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் வினா ஆறு வகைப்படும் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோகும் அப்பகுப்பு, வேலை தேடிச் செல்பவனுக்கு நல்ல வழித்துணையாகும்.

தாம் விடையை அறிந்திருந்தும், பிறன் அறிவானா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. மேசைக்கு அப்பால் இருப்பவர்கள் கேட்பதில் பெரும்பகுதி இவ்வகையே. அஃது அவர்கள் கடமை. ஆனால் வேலைக்கு வந்தவன் அறிவினாவைக் கையாளுதல் தகாது. தன் படிப்பைக் காட்டிக் கொள்வதற்காக, "இந்த இயந்திரம் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்று தாங்கள் கருதுகிறீர்கள்?" என்று ஒருவன் கேட்டால், கேட்போர் முறுவலிப்பர். விடை தேவைப்படாத வினாவை அனுபவம் உடையவர்கள் எளிதில் கண்டுகொள்வர்.

உண்மையாகவே அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. இதுவே நமக்கு முதன்மையானது. எனினும், அறியாமை எல்லாம் கேட்கத் தக்கதன்று. அந்நிறுவனம் என்ன பொருளைச் செய்கிறது, எங்கெங்கே கிளைகள் உள்ளன என்பன விளம்பரத்திலும் இணையத்திலும் பெயர்ப்பலகையிலுமே தெரியும். அவற்றைத் தேடாமல் வந்து கேட்பவன், தேடும் பழக்கம் இல்லாதவன் என்று பெயர் பெறுவான். முயன்றால் தெரியக் கூடியதை முன்னரே தெரிந்து கொண்டு, அவர்களைக் கேட்டால் மட்டுமே தெரியக் கூடியதை வினாவாக வைத்தல் வேண்டும். "எனக்கு வேலை கற்றுக் கொடுப்பவர் யார்? எத்தனை நாள் கற்றுக் கொடுப்பார்?", "இப்பணியில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்பன அத்தகையவை. இரண்டாம் வினாவின் விடை மிகவும் பயன் உடையது. முன்பு இருந்தவர் மேற்பதவி பெற்றார் எனின் அவ்விடத்தில் வளர்ச்சி உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருவராக வந்து போகின்றனர் எனின் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் அன்றோ?

இதுவோ அதுவோ என்று ஐயுற்றுக் கேட்பது ஐய வினா. இதை வீட்டில் எழுதிக் கொண்டு வர முடியாது. அவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டவனுக்கே இது தோன்றும். "முதலாண்டு பயிற்சிக் காலம்" என்று அவர்கள் சொன்னால், "அக்காலத்தில் நான் தொழில் பழகுநரா, பணியாளரா?" என்று கேட்க வேண்டும். இது சொல்லாராய்ச்சி அன்று. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். அவருக்குக் கிடைப்பது உதவித் தொகை; ஊதியம் அன்று. முறையான பழகுநர் பயிற்சி நல்லதே. முடிவில் கிடைக்கும் சான்றிதழ் பின்னாளில் கைகொடுக்கும். ஆனால் பழகுநர் என்ற பெயரும் இல்லாமல், பணியாளர் என்ற உரிமையும் இல்லாமல் நடுவில் நிறுத்தப்படுவோர் உண்டு. அந்நிலையைத் தவிர்க்க இவ்வொரு வினா உதவும்.

கடைக்காரரிடம், "உப்பு இருக்கிறதா?" என்று கேட்பது போல, ஒன்றைப் பெறும் பொருட்டுக் கேட்பது கொளல் வினா. ஊதியமும் வேலை நேரமும் விடுமுறையும் பற்றிய வினாக்கள் இதன்பாற்படும். ஊதியத்தைப் பற்றிக் கேட்பது பேராசை என்று சிலர் கூசுகின்றனர். உழைப்பவன் ஊதியத்தைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? ஆனால் அதனையே முதல் வினாவாக வைத்தல் அழகன்று. வேலையின் தன்மையை அறிந்த பின் கேட்டல் முறை. கேட்கும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். "மாத ஊதியத்தில் உணவு, விடுதி, வைப்பு நிதி முதலியவற்றுக்குப் பிடித்தது போகக் கைக்கு எவ்வளவு வரும், ஐயா?" என்று கேட்பதே தெளிவான வினா.

இவ்வகை வினாக்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. தொழிற்சாலையில் வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பையும், மிகை நேர வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்னும் விதியையும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அச்சட்டம் உள்ளிட்ட 29 பழைய சட்டங்களைத் தொகுத்து அமைந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. பணியில் சேர்வோருக்கு நியமன ஆணையை எழுத்தில் தருதல் வேண்டும் என்பது அவற்றில் அடங்கிய விதி. ஆகவே, "நியமன ஆணை எப்போது கிடைக்கும், ஐயா?" என்று கேட்பவன் சலுகை கேட்கவில்லை, தனக்கு உரியதையே கேட்கிறான்.

பிறர்க்கு ஒன்றைக் கொடுக்கும் பொருட்டுக் கேட்பது கொடை வினா. வெறுங்கையோடு வேலை தேடி வந்தவன் எதைக் கொடுப்பான் என்று எண்ணாதீர்கள். அவன் தன் உழைப்பைக் கொடுக்க வந்திருக்கிறான். "முதல் ஆறு மாதத்தில் நான் எதைச் செய்து முடித்தால் தாங்கள் மனநிறைவு அடைவீர்கள்?" என்று ஒருவன் கேட்டால் அது கொடை வினா. "இப்பிரிவில் இப்போது உள்ள பெரிய இடர்ப்பாடு எது?" என்பதும் அவ்வாறே. பல விண்ணப்பதாரரைக் கண்டு சலித்திருக்கும் மேலாளரும் இவ்வினாவைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார். மேலும், அவர் சொல்லும் விடையால் வேலையின் உண்மை நிலையும் புலப்படும்.

எஞ்சியது ஏவல் வினா. "பாடம் படித்தாயா?" என்று தாய் கேட்பது, படி என்று ஏவுவதே ஆகும். "சனிக்கிழமை விடுமுறை உண்டல்லவா?", "எனக்கு இரவு வேலை தரமாட்டீர்களே?" என்று கேட்பவையும் வினாவின் வடிவில் வரும் கட்டளைகளே. நேர்காணலில் இவற்றை விலக்குதல் நன்று. இரவு வேலை ஒத்துவராது என்றால் காரணத்தோடு நேராகச் சொல்லிவிடலாம். கட்டளையை வினாவில் மறைத்தால் எதிரில் இருப்பவர் மனம் மூடிக் கொள்ளும்.

இங்கே ஒரு தடை எழலாம். "வேலை கிடைப்பதே அரிதாக இருக்கும்போது ஏழை எப்படிக் கேட்பான்? கேட்டால் அடுத்தவனை அழைத்துவிடுவார்களே!" என்று நீங்கள் கூறலாம். இத்தடையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன்.

1974-ஆம் ஆண்டில் பெங்களூரில் பொறியியல் மேற்படிப்புப் படித்துக் கொண்டிருந்த மாணவி ஒருத்தி, டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றைக் கண்டார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் ஓர் அஞ்சல் அட்டையை எடுத்து, இது முறையா என்று ஜே. ஆர். டி. டாட்டாவுக்கே எழுதிவிட்டார். சில நாளில் நேர்முகத் தேர்வுக்கு வருமாறு தந்தி வந்தது. புனே நகரில் நடந்த தேர்வில் அவர் வெற்றி பெற்று, அந்நிறுவனத்தின் முதல் பெண் பொறியாளர் ஆனார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சுதா மூர்த்தியே அம்மாணவி. ஓர் அஞ்சல் அட்டை அடைத்த கதவைத் திறந்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அப்போது அவர் வெளிநாடு சென்று ஆராய்ச்சி செய்யும் எண்ணத்தில் இருந்தார். அந்த வேலையை நம்பி அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. மாற்று வழி உடையவர்க்கு வினவும் துணிவு எளிதில் வரும்.

மாற்று வழி இல்லாதவர்க்கோ? அவர்களுக்கே வினா மிகுதியும் வேண்டும் என்பேன். நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்தமை பலரும் அறிந்தது. பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று கூறப்பட்டது. காலம் முடியுமுன் நோயுற்றும் களைத்தும் வீடு திரும்பிய பெண்கள் பலர் அத்தொகையைப் பெறாமல் போயினர். "இடையில் உடல்நலம் குன்றித் திரும்ப நேர்ந்தால், அதுவரை உழைத்ததற்கு உரிய தொகை கிடைக்குமா?" என்பது எத்துணைச் சிறிய வினா! அதனைச் சேரும் நாளிலேயே கேட்டு, விடையை எழுத்தில் பெற்றிருந்தால், அவ்விடம் நம்பத் தக்கதா என்பதேனும் தெரிந்திருக்கும். கேளாத பெண்கள்மீது குற்றம் இல்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்காத நம் போன்றோர் மீதே குற்றம்.

அஞ்சுவோர்க்கு ஒரு வழி உண்டு. எல்லா வினாவையும் மேலாளரிடமே கேட்க வேண்டும் என்பதில்லை. தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் நில்லுங்கள். வேலை முடிந்து வெளியே வருவோரிடம், "அண்ணா, இங்கே சம்பளம் நாள் தவறாமல் வருகிறதா?" என்று கேளுங்கள். "அக்கா, விடுதியில் தண்ணீர் வசதி எப்படி?" என்று கேளுங்கள். அவர்கள் முகமே பாதி விடை கூறும். அங்கே தெரிந்து கொள்ள முடியாதவற்றை மட்டும் உள்ளே கேட்டால் போதும்.

உள்ளே கேட்பதற்கு மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, வேலையைப் பற்றியது. மற்றொன்று, ஊதியத்தையும் நேரத்தையும் பற்றியது. இன்னொன்று, சான்றிதழ், ஒப்பந்தம், விலகும் முறை ஆகியவற்றைப் பற்றியது. "அனுமதித்தால் இரண்டொன்று கேட்கிறேன், ஐயா" என்று தொடங்குங்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள், விடை முடியும்வரை குறுக்கிடாதீர்கள். "அதையெல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று அவர்கள் கூறினால், அதுவும் ஒரு விடைதான் என்பதை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வறுமை காரணமாக அவ்வேலையை ஏற்க நேரலாம். அப்போதும் கண்ணைத் திறந்து கொண்டு ஏற்பதற்கும், மூடிக் கொண்டு ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு. சான்றிதழின் மூலப்படியைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுப்பவன், அவ்வேறுபாட்டை அறிந்தவன்.

முற்கூறிய என் மாணவன் அடுத்த ஆண்டில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்தான். இப்போது ஒரு சிறிய பட்டறையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். ஆள் எடுக்கும் பொறுப்பு இன்று அவனுடையது. அண்மையில் என்னைக் காண வந்தபோது, "வருகிற பிள்ளைகளிடம், 'என்னிடம் கேட்க வேண்டியது என்ன?' என்று தவறாமல் கேட்கிறேன், ஐயா" என்றான்.

"கேட்கிறார்களா?" என்றேன்.

"பத்துப் பேரில் ஒருவர் கேட்கிறார். கேட்காத ஒன்பது பேருக்கும் சம்பளம், பிடித்தம், வேலை நேரம், விலகும் முறை எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன், ஐயா" என்றான்.

அவன் தன் கடமையைச் செய்கிறான். ஆனால் மேசைக்கு அப்பால் எல்லா இடத்திலும் அவன் இருக்கமாட்டான். ஆதலால், மாணவர்களே, இன்று வகுப்பிலேயே தொடங்குங்கள். பாடம் முடிந்து ஆசிரியர், "ஐயம் உண்டா?" என்று கேட்கும்போது தலை குனியாமல், உண்மையாகவே விளங்காத ஒன்றை எழுந்து கேளுங்கள். அங்கே நாவு பழகினால், நாளை அந்த அறையில் அது தடுமாறாது.